முப்பது மில்லி ஆம்பியர்

டிஷ்வாஷர் ஓட ஆரம்பித்த சில நிமிடங்களில் வீடே இருட்டாகிவிடும். மெயின் போர்டில் போய் ஒரு பொத்தானைத் தூக்கிவிட்டால் வெளிச்சம் வரும். டிஷ்வாஷரை மறுபடி போட்டால் மறுபடி இருட்டு. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. நேராக மெயின் போர்டைத் திறந்து ஆர்சிசிபியைச் சுட்டிக்காட்டினார்.

"இதுதானுங்க சார் தொந்தரவு. இதைக் கழட்டிட்டு நேரா குடுத்துட்டா ட்ரிப்பே ஆகாது. இந்த வீதியிலயே சில வீட்டுக்கு அப்படித்தான் பண்ணிக் குடுத்திருக்கேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கழற்றிவிட்டால் ட்ரிப் ஆகாதுதான். வீதியில் சில வீடுகள் அப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகின்றன. அவர் சொன்ன நேரத்துக்கு வருகிறவர், கூலி நியாயமாகக் கேட்பவர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. இருட்டு போக வேண்டும் என்று கேட்டோம், இருட்டு போக வழி சொன்னார். இருட்டு ஏன் வருகிறது என்று அவரை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குக் கூலி கொடுக்கும் வழக்கமும் நம்மிடம் கிடையாது.

ஆர்சிசிபிக்கு ஒரே ஒரு வேலைதான். ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பியதா என்று பார்ப்பது. பெட்டியைவிட்டுப் போன பணத்தையும் பெட்டிக்கு வந்த பணத்தையும் நொடிதோறும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு உதைத்தால், காசு எங்கே போனது என்று அவர் விசாரிக்க மாட்டார், கடையையே சாத்திவிடுவார். வீடுகளில் போடும் ஆர்சிசிபிக்கு வரம்பு 30 மில்லி ஆம்பியர். தரநிலைப்படி 30இல் கட்டாயம் விழ வேண்டும், 15 வரை விழக்கூடாது. நடைமுறையில் இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் விழும். பழைய 60 வாட் குண்டு பல்பு இழுப்பது சுமார் 260 மில்லி ஆம்பியர். அதில் ஒன்பதில் ஒரு பங்கு வழி தவறினாலே கடை மூடப்படும்.

இந்த மாதிரி எண்களை யாரும் மேசையில் உட்கார்ந்து யோசித்துப் போட்டுவிடவில்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் 1940களிலேயே ஆட்களை வைத்துச் சோதித்தார். தாமாக முன்வந்தவர்கள் ஒரு கம்பியைக் கையில் பிடித்துக்கொள்வார்கள். மின்னோட்டத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். எந்த அளவில் கையை விரிக்க முடியாமல் போகிறது என்பதுதான் குறிப்பு. 134 ஆண்களின் சராசரி 16 மில்லி ஆம்பியர், 28 பெண்களின் சராசரி 10.5. அதற்கு மேல் போனால், விடு என்று மனம் சொன்னாலும் தசை கேட்காது. இன்னும் ஏறினால் மூச்சு, அதன்பின் இதயம். அதே டால்சியல் 1961இல் டிரான்சிஸ்டர் வைத்த கசிவுத் துண்டிப்பானை உருவாக்கினார். அமெரிக்க வீடுகளில் அதன் வரம்பு சுமார் 5 மில்லி ஆம்பியர்தான். நம் வீட்டு 30க்குள் கை ஒட்டிக்கொள்ள இடமிருக்கிறது. இதயம் தடுமாறுவதற்குள் துண்டித்துவிடலாம் என்பது அதன் கணக்கு. வலி இருக்கும், பயம் இருக்கும், ஆளும் இருப்பார்.

நம் ஊரில் இந்தக் கசிவுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. "ஃபிரிட்ஜைத் தொட்டா லேசா சுர்ருங்குது" என்பார்கள், வீட்டில் வளரும் பூனையைப் பற்றிச் சொல்வதைப் போன்ற சாதாரணக் குரலில். பரிகாரமும் தயாராக இருக்கும்: செருப்பு போட்டுக்கொண்டு தொடு. விருந்தாளிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இரண்டு தலைமுறையாக அந்தச் செருப்பு பல வீடுகளில் மின் பாதுகாப்புச் சாதனமாகப் பணியாற்றி வருகிறது. ஆர்சிசிபியைக் கழற்றிய வீடுகளில் அதற்குப் பதவி உயர்வு.

எங்கள் வீட்டில் ஆர்சிசிபி இருந்த இடத்தில் இருந்தது. எர்த்தும் சரியாக இருந்தது. எனவே இயந்திரத்தையே விசாரிக்கலாம் என்று முடிவுசெய்தேன்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யாமல் இல்லை. எடுத்தவுடன் கேட்டார்கள்: "ஸ்கிரீன்ல என்ன எரர் கோடு வருதுங்க சார்?" எதுவும் வரவில்லை, வருவதற்குள் மின்சாரம் போய்விடுகிறது என்றேன். "கோடு வந்ததும் சொல்லுங்க சார், கம்ப்ளெய்ன்ட் புக் பண்ணிக்கலாம்." பேசிய பெண்ணின் குரலில் உண்மையான பரிவு இருந்தது. இன்றைய இயந்திரம் தன் நோயைத் தானே ஓர் எழுத்தும் இரண்டு எண்ணுமாகச் சொல்லிவிடும். சொல்ல முடியாதது நோயே இல்லை என்பதுதான் அந்த நடைமுறையின் அடிப்படை. மின்கசிவோ, சொல்லவந்த வாயையே முதலில் அடைத்துவிடுகிறது.

பழுது பார்ப்பதில் முதல் கருவி கடிகாரம். எப்போது ட்ரிப் ஆகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. தண்ணீர் உள்ளே வரும்போதே விழுந்தால் இன்லெட் வால்வைச் சந்தேகிக்கலாம். அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும்போது விழுந்தால் டிரெயின் பம்ப். கழுவத் தொடங்கிய பிறகு விழுந்தால் இரண்டு பேர்மேல் சந்தேகம் வரும்: தண்ணீரைச் சுழற்றிப் பீய்ச்சும் சர்க்குலேஷன் பம்பின் மோட்டார், தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலைக்கு வரும். அனுபவசாலிகள் ஹீட்டரைத்தான் முதலில் சொல்வார்கள். அதன் உலோகக் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் கொண்டது. குழாயில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், கசிவு தொடங்கிவிடும்.

ஆனால் பெரும்பாலான டிஷ்வாஷர்களில் ப்ரீ-ரின்ஸ் என்று ஒரு சின்னச் சுற்று இருக்கும். பச்சைத் தண்ணீரில் அலசிவிடுவது. ஹீட்டருக்கு அதில் வேலையில்லை. அதைப் போட்டுவிட்டு எட்டி நின்றோம். அதிலும் வீடு இருட்டானது. மீட்டர் எதையும் தொடாமலே ஹீட்டர் குற்றத்திலிருந்து ஏறக்குறைய விடுதலையாகிவிட்டது.

நடுவில் ஒரு குழப்பமும் வந்தது. டிஷ்வாஷரின் சுவிட்சை அணைத்திருந்த நேரத்தில், யாரோ கீசரைப் போட, ஆர்சிசிபி விழுந்தது. உடனே வீட்டுக்குள் கீசர்மேல் வழக்கு. நம் வீடுகளின் 16 ஆம்பியர் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். கசிவு நியூட்ரல் பக்கமாக இருந்தால், இயந்திரம் அணைந்திருந்தாலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு கள்ளப் பாதை திறந்தே கிடக்கும். கீசர் போன்ற பெரிய சுமை ஓடும்போது நியூட்ரல் கம்பியில் ஓரிரு வோல்ட் ஏறும். அது அந்தப் பாதையில் வடிய, ஆர்சிசிபி விழும். பிளக்கையே பிடுங்கிவிட்டுக் கீசரைப் போட்டோம். விழவில்லை. நிரபராதியைச் சுட்டிக்காட்டிய அதே சம்பவம் குற்றவாளியின் முகவரியையும் கொடுத்தது.

அடுத்தது திறப்பது. இங்கே வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை அடைத்து, அடியில் தேங்கிய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, பழைய போர்வையின் மேல் இயந்திரத்தை மல்லாத்தி, அடித்தட்டைக் கழற்ற வேண்டும். மோட்டாருடன் இருக்கும் கண்டன்சரின் இரு முனைகளையும் தொடுவதற்கு முன் அதிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பிளக் வெளியே கிடந்தாலும் அது கொஞ்சம் சேமித்து வைத்திருக்கலாம்.

எங்களுடையது சற்றுப் பழைய மாடல். அதன் சர்க்குலேஷன் மோட்டார், சீலிங் ஃபேனுக்கு நெருங்கிய உறவு: ஒற்றை ஃபேஸ், பிரதான வைண்டிங் ஒன்று, கண்டன்சர் வழியாக மின்சாரம் பெறும் துணை வைண்டிங் ஒன்று. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சரை மாற்று என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்த மின்னியல். டிஷ்வாஷருக்கும் அது பொருந்தும். மோட்டார் ம்ம்ம் என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கண்டன்சரையோ இறுகிப்போன பேரிங்கையோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் வைண்டிங் அறுந்திருக்கலாம், சூட்டுக்குத் துண்டிக்கும் ப்ரொடெக்டர் திறந்திருக்கலாம், அல்லது போர்டு மின்சாரமே அனுப்பாமல் இருக்கலாம். மின்னோட்டம் எல்லை மீறி எம்சிபி விழுந்தால் ஷார்ட். ஆர்சிசிபி விழுந்தால் எர்த். புது மாடல்களில் நிலைமை வேறு: காந்தச் சுழலியும் மூன்று ஃபேஸ் வைண்டிங்கும் கொண்ட பிஎல்டிசி மோட்டார், அதை ஓட்ட ஓர் எலக்ட்ரானிக் போர்டு. அங்கே மூன்று முனைகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றாக வர வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் போர்டுக்கும் அதைச் செய்தவனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

மல்டிமீட்டரை வைத்தேன். ஹீட்டரில் 26 ஓமுக்கு அருகில் காட்டியது. 230ஐ 230ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2000 வாட், சரியான அளவு. மோட்டாரின் இரண்டு வைண்டிங்கும் அறுபடவில்லை. கண்டன்சரின் அளவு, அதன்மேல் அச்சடித்த மைக்ரோ ஃபாரடுக்குப் பக்கத்தில் இருந்தது. வைண்டிங்குக்கும் மோட்டாரின் உடம்புக்கும் நடுவே வைத்தபோது, தொடர்பே இல்லை என்று மீட்டர் அடித்துச் சொன்னது. அதாவது எல்லாம் நலம். வீட்டை இருட்டாக்கும் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

"மீட்டர் என்ன சொல்லுதுங்க?" என்று மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டார். நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுது என்றேன். "அப்ப அதுலயே பாத்திரம் தேச்சுக்கலாமுங்களா?" என்றார். அளவெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் பாத்திரம் தேய்த்தது யார் என்பதையும் இங்கே எழுத வேண்டும். பாதி நான் தேய்த்தேன் என்று எழுதலாம். ஆனால் இந்தக் கட்டுரையை அவரும் படிப்பார்.

மில் ஒன்றில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாவிடம் கையால் சுழற்றும் பழைய மெக்கர் ஒன்று இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "மூணு வோல்ட்டுக்கு எல்லாக் கம்பியும் நல்ல கம்பிதான் கண்ணு. ஐநூறு வோல்ட்ல கேட்டுப் பாரு."

மல்டிமீட்டர் மின்தடையை அளக்கும்போது கம்பியில் கொடுப்பது சில வோல்ட்தான். வேலை செய்யும்போது மோட்டார் தாங்க வேண்டியதோ 230. அந்த அலையின் உச்சம் 325 வோல்ட். கம்பியின் மேல் பூசிய எனாமலில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து அதில் ஈரமும் உப்பும் சேர்ந்திருந்தால், நன்றாக நனைந்திருக்கும்போது ஓரிரு வோல்ட்டே அதில் வடிந்துவிடும். கழற்றி வைத்து ஈரம் குறைந்தபின், மூன்று வோல்ட்டுக்கு அது சுவராகத் தெரியும், 325க்குக் கதவாகத் திறக்கும். மெக்கர் 500 வோல்ட்டைக் கொடுத்துக் கேட்கும். போர்டோடு இணைத்தபடி இதைச் செய்தால் போர்டு செத்துவிடும் என்பதால், ஒவ்வொரு பாகத்தின் கனெக்டரையும் தனியாகக் கழற்றிவிட்டுச் சுழற்றினோம். ஹீட்டருக்கு முள் ‘இன்ஃபினிட்டி’யில் போய் உட்கார்ந்தது. டிரெயின் பம்புக்கும் அப்படியே. சர்க்குலேஷன் மோட்டாருக்கு, முள் கிளம்பிப் பாதி தூரம் போய்த் தயங்கியது. பிறகு மடமடவென்று சரிந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. ஒரு மெக் ஓமாவது இருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் பொதுவாகப் பார்க்கும் குறைந்தபட்சம்.

மோட்டாரை வெளியே எடுத்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பம்பும் மோட்டாரும் சேரும் இடத்திலிருந்து மோட்டாரின் உடம்பு வழியாகக் கீழ்நோக்கி ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, மோட்டார் சூட்டில் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கோயம்புத்தூரில் குடிக்கச் சிறுவாணி, மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர் என்பது பல வீடுகளின் ஏற்பாடு. டிஷ்வாஷருக்குப் போர்த் தண்ணீர்தான் விதி. கடினத்தைக் குறைக்க இயந்திரத்துக்குள் உப்புப் போடும் தொட்டி இருக்கிறது. ஆனாலும் அதற்குத் தப்பி வரும் சுண்ணாம்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

சுழலும் தண்டு தண்ணீருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சீல் இருக்கும். தண்டோடு சேர்ந்து சுற்றும் வளையம் ஒன்று, அசையாமல் இருக்கும் வளையம் ஒன்று. பெரும்பாலும் ஒன்று கார்பன், மற்றது செராமிக். ஸ்பிரிங் ஒன்று இரண்டையும் அழுத்திப் பிடித்திருக்கும். நடுவில் படரும் மெல்லிய தண்ணீர்ப் படலமே அதற்கு எண்ணெய். சுண்ணாம்புத் துகள் அந்த வழவழப்பில் கோடு கிழித்தால் கசிவு ஆரம்பம். கசிந்த தண்ணீர் முதலில் போவது பேரிங்குக்கு. பேரிங் துருப்பிடிக்கும், கிறீச்சிடும். அந்தச் சத்தம் மாதக்கணக்கில் வரும். வீடுகளில் அதற்கு வழக்கமான வைத்தியம் சமையலறைக் கதவைச் சாத்துவது. சத்தம் கேட்காமல் போனபின் தண்ணீர் நிதானமாக வைண்டிங்குக்குப் போய்ச் சேர்கிறது. கடைசியில் ஆர்சிசிபி பேசுகிறது. அதற்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர் தயாராக வந்து நிற்கிறது.

இனி சர்வீஸ் சென்டரிடம் சொல்ல என்னிடம் குறியீட்டைவிட நல்ல தகவல் இருந்தது: சர்க்குலேஷன் மோட்டார், சீல் கசிவு, வைண்டிங் எர்த். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுவா இருந்தாலும் பம்ப் செட்டாத்தான் சார் வரும்" என்றார். சீல் தனியாக? வராது. பேரிங்? வராது. மோட்டார் மட்டும்? "செட்டாத்தான் சார்." விலை, புது இயந்திரத்தின் விலையில் கால்பங்குக்குப் பக்கம். அதோடு, இந்த மாடலுக்குப் பதில் புதுசுக்கு எக்ஸ்சேஞ்ச் நடக்கிறது என்ற தகவலையும் சேர்த்துச் சொன்னார். நான் கண்டுபிடித்தது சரியா தவறா என்பதைப் பற்றி அவருக்குக் கருத்தில்லை. சீல் போயிருந்தாலும், பேரிங் போயிருந்தாலும், கம்பி போயிருந்தாலும் மருந்து ஒன்றுதான் என்றால் நோயைக் கண்டுபிடிக்க ஏன் மெனக்கெட வேண்டும்? எலக்ட்ரீஷியனும் சர்வீஸ் சென்டரும் எதிரெதிர் முனையில் நிற்பவர்களாகத் தோன்றும். ஒருவர் பத்து நிமிடத்தில் மலிவாக முடிக்கிறார், மற்றவர் பெரிய பில்லோடு முடிக்கிறார். ‘ஏன்’ என்ற கேள்வி இல்லாமலே வேலை நடக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இதெல்லாம் நடந்தது மோட்டாரும் பம்பும் பிழைப்பாக இருக்கும் ஊரில். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து கோயம்புத்தூர் ஆலைகள் பெருகின. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் மின்மோட்டாரை இங்கே செய்தார்கள். அதன்பின் வீதிக்கு வீதி ஃபவுண்டரி, லேத் பட்டறை, வைண்டிங் கடை. ஆயிரம் அடி போரில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார் எரிந்தால், தூக்கிவந்து காயில் கட்டி மறுபடி இறக்குவார்கள். அது தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடும் மோட்டார். தண்ணீர் புகுந்துவிட்டது என்பதற்காக அதை யாரும் குப்பையில் போடுவதில்லை.

அப்படியொரு வைண்டிங் கடைக்குத்தான் மோட்டாரை எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கியதும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். சுற்றிவிட்டுக் காதருகே வைத்தார். வெள்ளைக் கோட்டை விரலால் தடவினார். "சீல் போயி, பேரிங் போயி, அப்பறம் காயில் போயிருக்குதுங்க," என்றார். மெக்கரும் நானும் சித்தப்பாவுமாக வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் வர அரை நிமிடம் ஆனது. பிறகு ஒரு கீறலில் கம்பியைப் பார்த்துவிட்டு, "காப்பர் இல்லீங்க, அலுமினியம். பரவால்ல, காப்பர்லயே கட்டிடலாம்" என்றார். பழைய காயிலை வெட்டி எடுத்து, சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி, கம்பியின் கனத்தைத் திருகு அளவியில் பார்த்து, இரண்டையும் கிழிந்த அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அந்த மோட்டாரைப் பற்றி அதைச் செய்தவர்களுக்கு வெளியே எழுதப்பட்ட ஒரே ஆவணம் அநேகமாக அந்த அட்டைத் துண்டாகத்தான் இருக்கும்.

பேரிங்குக்குக் கவலையே இல்லை. 608 என்று பக்கவாட்டில் பொறித்திருந்தது. 8 மில்லிமீட்டர் உள்விட்டம், 22 வெளிவிட்டம், 7 தடிமன். உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் அதே அளவில் வரும். சீலில்தான் சிக்கல். அதன்மேல் இருந்தது ஒரு நிறுவனத்தின் உள் எண் மட்டும். ஒரே தண்டில் இரண்டு அங்குல இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பாகங்களில், ஒன்று உலகம் முழுவதற்கும் சொந்தம், மற்றது ஒரு கிடங்குக்குச் சொந்தம். தேய்வது முதலில் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. டிஷ்வாஷர்களுக்கென்று 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றி 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிமுறையைப் படித்தால் மனிதர்களை இரண்டு சாதியாகப் பிரித்திருப்பது தெரியும். கதவுக் கீல், சீல்கள், தண்ணீர் பீய்ச்சும் கைகள், வடிகட்டி, கூடைகள் ஆகியவற்றை, அந்த மாடல் விற்பனைக்கு வருவது நின்றபின் 10 ஆண்டுகளுக்குப் பழுது பார்ப்பவருக்கும் தர வேண்டும், வீட்டுக்காரருக்கும் தர வேண்டும். மோட்டார், பம்ப், ஹீட்டர், சர்க்யூட் போர்டு ஆகியவற்றை 7 ஆண்டுகளுக்குத் தர வேண்டும். அதுவும் தொழில்முறைப் பழுது பார்ப்பவருக்கு மட்டும். கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். குடிமகனுக்குக் கூடையை மாற்றும் அறிவு உண்டு, பம்பை மாற்றும் அறிவு கிடையாது என்பது அதன் தீர்ப்பு. ஆனாலும் அங்கே கேட்பதற்கு ஒரு கதவும், அதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கின்றன. இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். நிறுவனங்கள் மனமுவந்து தரும் தகவல்கள் அதில் இருக்கும். மனம் எந்த அளவுக்கு உவக்கும் என்பதை நிறுவனங்களே தீர்மானிக்கலாம்.

நிறுவனங்களின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் எர்த் கம்பியை மாட்ட மறந்துவிட்டு மூடினால், அடுத்து தொடுகிறவர் பாத்திரம் அடுக்க வரும் குழந்தையாகக்கூட இருக்கலாம். இது பயமுறுத்தல் இல்லை, நடக்கக்கூடியது. எனவே எல்லோரும் மல்டிமீட்டரோடு கிளம்பிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆபத்தைக் காட்டி பாகத்தைப் பூட்டி வைக்கிறவர்கள், அதே ஆபத்தைக் காட்டி இன்னொன்றும் செய்யலாமே: விற்ற இயந்திரத்தைப் பொருத்த வரும் பையன், அந்த வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா, எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் சோப்பு மாத்திரை, உப்பு, பளபளப்புத் திரவம் மூன்றுக்கும் வருடாந்திரத் திட்டம் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போனார்.

சீல் கடைசியில் கிடைத்தது. தண்டின் விட்டத்தையும் குழியின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்துகொண்டு, காந்திபுரம் பக்கம் பம்ப் உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்த்ததில், வேறு ஏதோ சிறிய பம்புக்கு வரும் ஒன்று பொருந்தியது. மோனோபிளாக் பம்புக்கும் டிஷ்வாஷருக்கும் தண்ணீர் ஒன்றுதானே என்றார் கடைக்காரர். வைண்டிங்குக்கு வார்னிஷ் ஊற்றி அடுப்பில் காயவைத்து, புது பேரிங் போட்டு வந்த மோட்டாரைச் சித்தப்பாவே மெக்கரில் பார்த்தார். முள் போய் மேலே உட்கார்ந்துகொண்டு இறங்கவில்லை. மொத்தச் செலவு, ‘செட்’ விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. இப்போது அது ஓடுகிறது. எவ்வளவு காலம் ஓடும் என்று கேட்டதற்கு வைண்டிங் கடைக்காரர், "தண்ணி உள்ள போகாத வரைக்குமுங்க" என்றார். உத்தரவாத அட்டைகளில் இவ்வளவு துல்லியமான வாசகத்தை நான் படித்ததில்லை.

மோட்டாரைத் திருப்பி மாட்டிய கையோடு சித்தப்பா இன்னொரு வேலையும் செய்தார். கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிவந்து, மெயின் போர்டில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அதன் வாய்க்குள் விட்டார். போனதும் வந்ததும் சமமானால் பூஜ்யம் காட்ட வேண்டும். டிஷ்வாஷர் பிளக்கைப் பிடுங்கிய நிலையிலும் சில மில்லி ஆம்பியர் நின்றது. அது பெரிய விஷயமில்லை. ஏசி, கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் இருக்கும் ஃபில்டர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எர்த்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். டிஷ்வாஷரின் மோட்டார் அவ்வளவு சீக்கிரம் ஆர்சிசிபியை விழவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம், ஏற்கெனவே பாதிக் குடம் நிரம்பியிருந்தது. பிறகு ஒவ்வொரு சாதனமாகப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஃபிரிட்ஜ், மிக்ஸி, கீசர், எதற்கும் எண் அசையவில்லை. கிரைண்டரைப் போட்டதும் மளமளவென்று ஏறியது.

2005-06இல் புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் வகையைச் சேர்ந்தது அது. அம்மா காலத்தில் வாங்கியது. பல வருடங்களாக, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மாவு வழிக்கும்போது பக்கவாட்டுத் தகட்டில் முழங்கை படாமல் பழகிய கையால் இயக்கப்படுவது. ஆர்சிசிபி விழும் அளவுக்கு அது எப்போதும் போனதில்லை, அதற்குச் சற்றுக் கீழே மரியாதையாக நின்றுகொள்ளும். சித்தப்பா மெக்கரை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள், இதையும் கழற்றிப் பார்த்துவிடலாமே என்றேன். "நாளைக்கு அரிசி ஊற வெச்சிருக்கறேனுங்க," என்றார் மனைவி.